அவர் கொல்லாமல் விட்ட வாசகி

எங்கள் அன்புக்குரிய அறிவியல் புனைகதை எழுத்தாளர், தம் வாசகர்களைக் கதைமாந்தராக்கிக் கொன்றுவிடுவது வழக்கம். அதனை நாங்கள் பெரும்பேறாகவே கருதினோம். அவரது நினைவுக் கூட்டத்திற்குப் பதினெட்டுப் பேர் வந்திருந்தோம்.

"என்னைச் செவ்வாய்ல மூச்சுத் திணறடிச்சுக் கொன்னாரு, மகராசன்," என்றார் பல் மருத்துவர்.

"என்னை ரோபோவை விட்டு நசுக்கினாரு. உங்களை எப்படிம்மா?" என்று தையற்காரர் என்னைக் கேட்டார்.

"இன்னும் இல்லீங்க. அடுத்த கதையில கொல்றேன்னு சொல்லியிருந்தாரு."

சிரிப்பு நின்றது.

"கதையில சாகாத மத்தவங்க எல்லாரும் நிஜத்துல ஒவ்வொருத்தராச் செத்துப் போயிட்டாங்களேம்மா," என்றார் தையற்காரர்.

எழுத்தாளரின் மனைவியார் அவரது கடைசிக் கையெழுத்துப் பிரதியை என்னிடம் நீட்டினார். அதில் நான் விண்கலத்தில் ஏறி அமர்ந்திருந்தேன். அதன்பின் வெற்றுத்தாள்களே இருந்தன.

பல் மருத்துவர் தம் நாற்காலியை என்னிடமிருந்து மெல்ல நகர்த்திப் போட்டுக்கொண்டார்.