பாதி பிக்கப்

லாரியைத் தாண்ட சுகந்தி வலப்பக்கம் ஏறினாள். ஆக்சிலரேட்டரை அடிவரை மிதித்தும் அந்த மின்சாரக் கார் தன் போக்கிலேயே போனது. எதிரே வந்த பேருந்து விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தது. எப்படியோ பிரேக் போட்டு லாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டாள்.

நேராக சர்வீஸ் சென்டருக்குப் போனாள். மடிக்கணினியைச் செருகிப் பார்த்த மெக்கானிக் தயங்கினார்.

"வண்டியில குறை ஒண்ணும் இல்லைங்க மேடம். பிக்கப்பைப் பாதியாக் குறைச்சு வச்சிருக்கு. வாங்கின வாரமே சாரோட போன்லேருந்து பண்ணியிருக்காங்க."

"இவளுக்கு அழுத்தி ஓட்டவே பயம்" என்று கணவன் ஜெயசீலன் விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பான். அவளும் கூடவே சிரித்திருக்கிறாள்.

"எடுத்துவிட்டுருங்க."

"சார் போனுக்குத்தான் அனுமதி கேட்டுப் போகும். அவர் சரின்னு சொல்லணும்."

"கேளுங்க."

அவர் பொத்தானைத் தட்டிய சற்று நேரத்துக்கெல்லாம் அவள் கைப்பையில் போன் அடித்தது. ஜெயசீலனின் குரலில் கோபமே இல்லை.

"எங்க போகணும் சுகந்தி, அவ்வளவு வேகமா?"

அந்த நிமிடம்வரை அவள் எங்கும் போக நினைத்ததே இல்லை.