முதல் திருகல்

ஷோரூம் வாசலில் ஒரு பழைய கார் நின்றது. திறந்த கதவுக்கு உள்ளே, உயரமும் பளபளப்புமாக ஒரு புது எஸ்.யூ.வி. நின்றது. பழைய காரின் சொந்தக்காரர் தணிகாசலம் அதை வாங்கத்தான் வந்திருந்தார். பழையதை எடுத்துக்கொண்டு விலையைக் குறைக்கச் சொல்லிப் பேரம் பேசினார்.

“தங்கமான வண்டிங்க. ஒருநாள்கூட வழியில நின்னதில்ல.”

பழைய கார் திகைத்தது. “யாரைச் சொல்றார்?”

“உங்களைத்தாண்ணே,” என்றது புது வண்டி.

“என்னையா? காலையிலகூட தகர டப்பான்னு உதைச்சாரே!”

“உங்க விலை ஏறினா என் விலை இறங்கும். அதுக்குத்தான். வீட்டுக்குத் திரும்பிப் போக ஆசையா இருக்காண்ணே?”

“பின்னே இருக்காதா?”

“அப்படின்னா, இப்ப அவங்க சாவி போடும்போது கிளம்பாம மக்கர் பண்ணுங்க. வேணாம்னு அனுப்பிடுவாங்க.”

“அது எனக்குத் தினமும் பழக்கமான வேலைதான்,” என்று சிரித்தது பழைய கார்.

ஷோரூம்காரர் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருகினார். தணிகாசலம் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

கார் முதல் திருகலிலேயே கிளம்பியது.

“ஏண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க?”

“இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என்னை நல்ல வண்டின்னு சொன்னார். நாலு பேர் முன்னாடி அதைப் பொய்யாக்கச் சொல்றியா?”

விலை குறைந்தது. எல்லாரும் உள்ளே போய்ப் புது வண்டியைச் சுற்றி நின்றார்கள். பழைய கார் ஒரு இருமல்கூட இல்லாமல் வாசலில் ஓடிக்கொண்டே இருந்தது. அதை அணைக்க யாருக்கும் ஞாபகம் வரவில்லை.