கட்லட் சாப்பிட்டவரும் வாசலில் நின்றவரும்

"வெள்ளைக்காரன் வந்து கேட்டால் உண்மை. எங்கட ஆக்கள் வந்து கேட்டால் மற்றது. அப்பிடித்தானே?" என்றாள் சிவனேஸ்வரி.

"அப்பிடியேதான், அண்ணி. மாறிச் சொல்லிப்போடாதையுங்கோ," என்றான் சிறிதரன்.

சிறிதரன் அவள் கணவனின் தம்பி. கொழும்பில் படித்த இன்ஜினியர். மெல்பேர்னில் கார் உதிரிப்பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலையில் நல்ல உத்தியோகம் பார்த்தவன். எழுபத்தாறாம் ஆண்டுக் கடைசியில் அங்கே ஆட்களைக் குறைத்தபோது இவனையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அண்ணன் வீட்டில் சாப்பாடு, வேலையில்லாதவர்களுக்கு அரசாங்கம் தரும் பணத்தில் கைச்செலவு என்று காலம் ஓடிக்கொண்டிருந்தது.

அந்தப் பணம் மூன்று மாதத்தோடு நின்றுவிடும் என்று யாரோ சிவனேஸ்வரியின் காதில் போட்டிருந்தார்கள். சிறிதரன்தான் அவளுக்கு விளங்கப்படுத்தினான்.

"அப்பிடி ஒரு கெடுவும் இல்லை, அண்ணி. இன்னும் வேலை கிடைக்கேல்லை, தேடிக்கொண்டுதான் இருக்கிறன் எண்டு ரெண்டு கிழமைக்கு ஒருக்கா எழுதிக் குடுக்கோணும். அவங்கள் நம்புறவரைக்கும் நீட்டிக்கொண்டே போவாங்கள். சந்தேகம் வந்தால் வீட்டுக்கு ஆளை அனுப்பி விசாரிப்பாங்கள்."

இந்த நேரம் பார்த்துத்தானா கலியாணப் பேச்சும் வர வேண்டும்? கரவெட்டிப் பெண். சாதகம் நன்றாகப் பொருந்தியிருந்தது. பெண்ணின் படத்தைச் சிறிதரன் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். பேசிக்கொண்டு வந்த அரியரத்தினத்துக்கே அவனுக்கு வேலை போனது தெரியாது. பெண் பகுதி ஆள் ஒருவர் மெல்பேர்னில் இருக்கிறார், ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வந்து மாப்பிள்ளை வீட்டைப் பார்ப்பார் என்று மட்டும் அவர் எச்சரித்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை வீட்டில் சிவனேஸ்வரி தனியாக இருந்தபோது மணி அடித்தது. கழுத்தில் டையும் கையில் தோல் பையுமாக ஒரு தமிழர் நின்றார். சிறிதரனைப் பற்றி விசாரிக்க வந்ததாக அவர் சொல்லி முடிப்பதற்குள், வீட்டிலுள்ள நல்ல கதிரையில் அவரை இருத்திவிட்டாள்.

தம்பிக்கு என்ன வயது, எங்கே வேலை, வீட்டுச் செலவுக்கு ஏதும் கொடுக்கிறாரா என்று அவர் கேட்டார். கலியாணத்துக்கு விசாரிக்க வருகிறவர் வேறு எதைக் கேட்பார்? அவள் மளமளவென்று அவிழ்த்துவிட்டாள்.

"பெரிய கம்பனியில இன்ஜினியர். போன மாசம்தான் சம்பளம் கூட்டினவை. புதுக் கார் வாங்கப் போறார்."

எந்த ஊர்ப் பக்கம் என்று மெதுவாக விசாரித்தாள். வடமராட்சி என்றார். அவள் வயிற்றில் பாலை வார்த்தது போலிருந்தது. கரவெட்டியும் அந்தப் பக்கம்தானே. தகர ரின்னில் வரும் மீனில் செய்த கட்லட்டைச் சுடச்சுடக் கொண்டுவந்து வைத்தாள். அவர் வேண்டாம் வேண்டாம் என்றபடியே தட்டைக் காலி செய்தார். தனக்குத் தெரிய வேண்டியதெல்லாம் தெரிந்துவிட்டது என்று நன்றி சொல்லிவிட்டுப் போனார்.

வியாழக்கிழமை வந்தவர் வெள்ளைக்காரர். சிரித்த முகம். அவரும் சிறிதரனின் பெயரைத்தான் சொன்னார். உள்ளே கூப்பிட்டால் வசதியாக இருக்கிறோம் என்று எழுதிவிடுவான் என நினைத்து, சிவனேஸ்வரி கதவைப் பாதி திறந்தபடியே நின்றாள். தனக்குத் தெரிந்த இங்கிலிஷ் முழுவதையும் திரட்டி, வேலை போன கதையையும், ஏறி இறங்காத கம்பனி இல்லை என்பதையும், அண்ணன் போடுகிற சோற்றில்தான் சீவியம் நடக்கிறது என்பதையும் சொன்னாள். சேலைத் தலைப்பால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள். அவர் முகத்திலிருந்த சிரிப்பு மெல்ல வடிந்தது. ஏதோ கேட்க வாயெடுத்தவர், தலையைச் சொறிந்துவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு பேரையும் வடிவாகச் சமாளித்துவிட்டதாக அன்று மாலை அவள் வீட்டில் பெருமையடித்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை சிறிதரன் முகம் செத்துப்போய் வந்தான்.

"பணத்தை நிப்பாட்டிப் போட்டாங்கள், அண்ணி. நான் நல்ல வேலையில இருக்கிறன் எண்டு நீங்களே சொன்னியளாம்."

"நானோ? அந்த வெள்ளைக்காரனிட்ட அழாக்குறையாச் சொன்னனே."

"வெள்ளைக்காரன் இல்லை. பணம் குடுக்கிற அரசாங்கக் கந்தோரில மகேந்திரராஜா எண்டு எங்கட ஆள் ஒருத்தர் புதுசாச் சேர்ந்திருக்கிறார். அவர்தான் வந்தது."

அவன் ஏசியிருந்தால் கூடப் பரவாயில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதுதான் சிவனேஸ்வரிக்குத் தாங்கவில்லை.

இரவு படுத்திருந்து யோசித்தபோது கொஞ்சம் தெம்பு வந்தது. ஒரே கந்தோரிலிருந்து ஒருவர் பின் ஒருவராக இரண்டு பேரை அனுப்பியிருக்கிறார்கள். அப்படியென்றால் பெண் பகுதி இன்னும் வரவேயில்லை. பணம் போனால் போகட்டும், கலியாணத்தையாவது காப்பாற்றிவிடலாம். விடிந்ததும் குசினிக்குள் போய் இன்னொரு ரின் மீனை உடைத்தாள்.

எண்ணெய் காயும்போது அரியரத்தினம் வந்தார். இருக்கச் சொல்லியும் இருக்காமல், சிறிதரனின் சாதகத்தை மேசையில் வைத்தார்.

"பொம்பிளை பகுதி வேண்டாமெண்டிட்டினம், பிள்ளை. வேலை போனதுகூட அவைக்குப் பெரிசில்லையாம். வீட்டுக்கு வந்த மனுசனை உள்ளுக்கு வாங்கோ எண்டுகூடச் சொல்லேல்லையாம்."

"ஆர் அண்ணை வந்தது? அவையில ஒருத்தரும் இன்னும் வரேல்லையே."

அரியரத்தினம் குரலைத் தாழ்த்தினார்.

"அவையும் ஒண்டை வெளியில சொல்லாமல் வச்சிருந்தவை, நானும் மறைச்சுப்போட்டன். பொம்பிளையின்ர அக்கா கட்டியிருக்கிறது ஒரு வெள்ளைக்காரரை."