முதல் இதைக் கேள்

விமலநாதன் வாசலில் நின்று சப்பாத்துப் பனியைத் தட்டும்போதே நீக்கிலாப்பிள்ளைக்கு விளங்கிவிட்டது. கார் கேட்கத்தான் வந்திருக்கிறான்.

அவுடி கார் வாங்கிய நாள்முதல் லொங்குய்ய் நகரிலுள்ள அவர் வீட்டுக்கு வருகிற சனமெல்லாம் கேட்கத்தான் வருகிறது. கலியாணத்துக்கு, சாமத்தியவீட்டுக்கு. ஒருவன் சோபா ஏற்றக்கூடக் கேட்டான். இல்லையென்று சொல்ல அவருக்கு வாய் வராது. அதனால் வருகிறவனை வாய் திறக்க விடுவதில்லை.

"அண்ணை, வாற வெள்ளிக்கிழமை டோர்வலுக்கு ஒருக்கா..."

டோர்வல் எயர்போர்ட்டில்தான் விமலநாதனுக்குத் துப்புரவு வேலை. ஓகோ, வேலைக்கு ஓசிச் சவாரி.

"இரு தம்பி. வெளியிலை நிக்குதே என்ரை கார், அதின்ரை பேருக்கு என்ன அர்த்தம் தெரியுமோ?"

"தெரியாதண்ணை. வெள்ளிக்கிழமை..."

"முதல் இதைக் கேள். ஜெர்மனியிலை ஹோர்க் எண்டு ஒரு மனுசன். தான் துவங்கின கார்க் கொம்பனியிலை டைரக்டர்மாரோடை கொழுவிக்கொண்டு வெளியிலை வந்து, தன்ரை பேரிலை இன்னொண்டு துவங்கினார். பழைய கொம்பனி வழக்குப் போட்டு, அந்தாளின்ரை சொந்தப் பேரையே பறிச்சுப்போட்டுது."

"பாவம். அண்ணை, நான் வந்தது..."

"எல்லாரும் ஒரு வீட்டிலை கூடியிருந்து புதுப்பேருக்கு மண்டையை உடைக்கினம். அந்த வீட்டுப் பெடியன் மூலையிலை லத்தீன் படிச்சுக்கொண்டிருக்கிறான். ஹோர்க் எண்டால் அவையின்ரை பாஷையிலை 'கேள்'. அதையே லத்தீனிலை வைப்பம் எண்டான் பெடியன். அவுடி. எங்கட பழைய பிரார்த்தனையிலை 'கிறிஸ்தே ஆவுதி நோஸ்' எண்டு சொல்லுறேல்லையோ? கிறிஸ்துவே, எங்கள் பிரார்த்தனையைக் கேட்டருளும். அந்த ஆவுதிதான் இந்த அவுடி."

குசினியிலிருந்து மனைவி றோசாவின் குரல் வந்தது. "பக்கத்திலை இருந்து பாத்தவர் மாதிரித்தான். அந்தத் தம்பி என்னவோ கேக்குது, அதையும் ஒருக்காக் கேளுங்கோவன்."

"நீர் தேத்தண்ணியைக் கொண்டாரும்."

தேத்தண்ணி வந்தது. காரின் நாலு வளையமும் வந்தது. நாலு கொம்பனி ஒன்றாய்ச் சேர்ந்த கதை. விமலநாதன் வாயெடுக்கிற நேரமெல்லாம் ஒவ்வொரு கொம்பனியாக இடையில் வந்து விழுந்தது. கடைசியில் அவன் எழும்பிவிட்டான்.

"நல்ல கதையண்ணை. வேலைக்கு நேரமாகுது. வாறன்."

கதவைச் சாத்திவிட்டு நீக்கிலாப்பிள்ளை சிரித்தார். "பஸ்ஸென்ன ஓடாமலோ கிடக்கு?"

றோசா சிரிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வரும்போது கோயில் வாசலில் விமலநாதன் நின்றான். பக்கத்தில், பெரிய குளிர்க் கோட்டுக்குள் ஒடுங்கியபடி ஒரு பெண். அவள் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சின்னப் பெட்டை.

"என்ரை மனுசி றெஜினா, அண்ணை. நான் போட்ட ஸ்பொன்சர் விசா சரிவந்து வெள்ளிக்கிழமைதான் வந்து இறங்கினவை. பிள்ளையை நானே அண்டைக்குத்தான் முதன்முதல் பாத்தனான்."

கோட்டுப் பொக்கற்றுக்குள் கார்த் திறப்பு நீக்கிலாப்பிள்ளையின் விரலில் குத்தியது.

"எயர்போர்ட்டிலை இருந்து... எதிலை வந்தனீங்கள்?"

"பஸ்ஸிலைதான்" என்றாள் றெஜினா. "பெட்டியளையும் இழுத்துக்கொண்டு பனிக்குள்ளை நிண்டம். பிள்ளை குளிரிலை ஒரே அழுகை. இவர்தான் ஏதோ ஒரு காருக்கு 'கேள்' எண்டு பேர் வைச்ச கதையைச் சொல்லி அழுகையை நிப்பாட்டினவர். நாலு வளையம் வரைக்கும் சொன்னவர். நீங்கள் சொன்ன கதையாமே?"

றோசா பக்கத்தில்தான் நின்றாள். அவர் அவளுடைய முகத்தைப் பார்க்கவில்லை. விமலநாதனுடைய முகத்தையும் பார்க்கவில்லை. பெட்டையின் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயில் நாட்டுச் சப்பாத்து.

"இப்பிடி ஒரு அண்ணை இருக்கேக்க, காரை ஒருக்காக் கேட்டிருக்கலாமே எண்டு இவரைப் பேசினனான்" என்றாள் றெஜினா. "கேட்டால் அண்ணை கட்டாயம் வந்திருப்பாராம். தான்தானாம் கேக்க மறந்துபோனது."