வரி ஏய்ப்பு

"வரியை மடிக்கிறவன் கையில ஒரு நாட்டை ஒப்படைக்க முடியாதுங்க" என்றான் புரோகிராமர், நாடு ஏதோ அவன் கையெழுத்துக்காகக் காத்திருப்பதுபோல.

"நாட்டை விடுங்க. முதல்ல இந்த ஃபைலை ஒழுங்கா ஒப்படைங்க" என்றாள் டெஸ்டர். அவன் எழுதுவதில் பிழை பிடிப்பது அவள் வேலை. "நீங்க புரோகிராம் எழுதுற எடிட்டர்ல ஒரு டிக் போட்டா, நீள வரியெல்லாம் தானா மடிஞ்சு திரைக்குள்ள வந்துடும். நீங்க என்னடான்னா பாதியைத் திரைக்கு வெளிய ஒளிச்சு வைக்கிறீங்க. இதுக்குப் பேருதான் வரி ஏய்ப்பு."

"என் வரி ரயில் மாதிரி. ரயிலை யாராவது மடிப்பாங்களா?"

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பில் அவனுக்குத் தைரியம் வந்தது.

"போன மாசம் நான் விட்ட தப்பைக் கண்டுபிடிச்சு, மேனேஜர் காதுக்குப் போகாம என்கிட்ட மட்டும் சொன்னீங்க. என் வேலை தப்பிச்சது உங்களாலதான். அந்த நன்றிக்காக மட்டும் கேக்கல..." தொண்டையைச் செருமிக்கொண்டான். "என்னைக் கட்டிக்கிறீங்களா?"

"காபி குடிச்சிட்டு வாங்க. பதிலை உங்க ஃபைல்லயே எழுதி வைக்கிறேன்" என்று அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

குடித்தது காபியா வெந்நீரா என்று கேட்டால் அவனுக்குத் தெரியாது. திரும்பி வந்தபோது நாற்காலி காலி. திரையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஒரே வரி:

"ரொம்ப யோசிச்சுத்தான் எழுதுறேன். உங்களைக் கட்டிக்க எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்ல"

முற்றுப்புள்ளி வைக்கக்கூட மனசு வரவில்லை போலிருக்கிறது.

நேராக அவள் மேசைக்குப் போனான். "படிச்சேங்க. ரொம்ப நன்றி."

"நன்றியா?"

"வேற யாராவதுன்னா இழுத்தடிச்சிருப்பாங்க. நீங்க பட்டுனு சொல்லிட்டீங்க. எனக்கு வருத்தமில்லைன்னு பொய் சொல்லல. ஆனா நீங்க செஞ்ச உதவியை மறக்க மாட்டேன்."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "முழுசாப் படிச்சீங்களா?"

"படிச்சேனே."

"அப்ப சரி" என்று தன் திரைப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவன் தன் இடத்துக்கு வந்தான். முன்னும் பின்னும் பார்த்தான். யாரும் கவனிக்கவில்லை. மெனுவைத் திறந்து, 'வரியை மடி' என்ற கட்டத்தில் சத்தமில்லாமல் ஒரு டிக் போட்டான்.

முனையில் நின்ற கடைசிச் சொல், தன் வாலையும் இழுத்துக்கொண்டு கீழே இறங்கியது:

"இஷ்டமில்லன்னு சொல்ல எனக்கென்ன பைத்தியமா பிடிச்சிருக்கு? ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட பேசுங்க."