இருவர் உரிமம்

பாத்திரம் துலக்கும்போதெல்லாம் சிபி கண்ணை மூடித் தலையாட்டிக் கேட்கும் அந்தப் பாட்டு, பக்கத்திலேயே நிற்கும் அவன் மனைவி வான்மதிக்குக் கேட்காது. இப்போதெல்லாம் பாட்டு, வாங்கியவர் காதில் மட்டும்தான் ஒலிக்கும். அதைக் கல்லூரியில் படித்தபோது ஜெனிட்டா என்ற தோழியோடு சேர்ந்து, 'இருவர் உரிமம்' என்று வாங்கியிருந்தான்.

"எனக்கும் வாங்கிக் குடுங்க," என்றாள் வான்மதி.

"அது இப்ப விற்பனைக்கே இல்ல மதி. ஜெனிட்டா விட்டுக் குடுத்தாத்தான் உன் பேருக்கு மாத்த முடியும். வெறும் பாட்டுதானே, விடு."

வெறும் பாட்டுக்கு எதற்குக் கண்ணை மூடுகிறான்? வான்மதியின் வயிறு எரிந்தது. அவனுக்குத் தெரியாமல் ஜெனிட்டாவின் எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினாள்.

"அவர் இன்னும் அதைக் கேக்கறாரா?" என்று ஜெனிட்டா சிரித்தாள். "நான் மறந்தே போயிட்டேங்க. உங்க பேருக்கே மாத்திடறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, சிபியின் அருகில் உட்கார்ந்து, இருவர் காதிலும் ஒலிக்கும்படி வான்மதி அந்தப் பாட்டைப் போட்டாள். ஒரு கிதார், சுமாரான ஓர் ஆண் குரல், அவ்வளவுதான். இதற்கா இத்தனை நாள் வெந்தோம் என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"எனக்கும் கேக்குதுங்க! ஜெனிட்டா விட்டுக் குடுத்துட்டாங்க," என்றாள் பெருமையாக.

சிபி சட்டென்று பாட்டை நிறுத்தினான். அவன் முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"அவகிட்டப் பேசினியா மதி? எப்படி இருக்கா? குரல் அப்படியேதான் இருக்கா?"