சிவப்பு மூலை

"குத்துடி! மூக்கப் பாத்துக் குத்து!"

இருசம்மாள் போட்ட சத்தத்தில் முன்வரிசையில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கல்யாண மண்டபத்து நடுவில் கயிறு கட்டிய குத்துச்சண்டை மேடை. ஒருத்தி சிவப்பு, ஒருத்தி நீலம். தலைக்கவசத்துக்குள் இரண்டு பெண்களின் முகமும் சரியாகத் தெரியவில்லை. நீலத்தின் உதடு கிழிந்து ரத்தம் தாடைக்கு இறங்கியிருந்தது.

பக்கத்து நாற்காலியில் காசிம் பீவி. அவள் மகள் காலையிலேயே தோற்றுப்போய், வீங்கிய கன்னத்தில் ஐஸ்கட்டியை ஒற்றிக்கொண்டு வெளியே நின்றிருந்தாள்.

"இன்னாக்கா இது, பாக்கவே கொல நடுங்குது. செவப்பு ஜெயிச்சிடுமா?"

"ஜெயிக்கணும்மா. ஜெயிச்சே ஆவணும்."

ஜெயிப்பவளுக்குச் சென்னையில் விளையாட்டு விடுதி. சோறு, படிப்பு எல்லாம் அங்கேயே. மூன்று வருஷத்துக்கு ஊர்ப்பக்கம் எட்டிப்பார்க்க வேண்டியதில்லை. தோற்பவள் சாயந்தரமே பஸ் ஏறி வீட்டுக்குப் போகலாம்.

அடியின் ஓசை இருசம்மாளுக்குப் பழக்கம். எலும்பில் விழுந்தால் ஒரு சத்தம், சதையில் விழுந்தால் வேறு. பதினாறு வருஷம் புருஷன் மாயவன் கையால் கேட்ட சத்தம்.

மகள் நிர்மலா குத்துச்சண்டை பழகிய பிறகு, ஒருநாள் அப்பன் ஓங்கிய கையை அந்தரத்திலேயே பிடித்து நிறுத்தினாள். அதோடு அவன் அடங்கிப்போனான். அதன்பிறகு அடித்தது ஒரே ஒரு தடவைதான், அவள் மூன்று நாள் பயிற்சிக்குத் திருக்கோவிலூர் போயிருந்தபோது. அன்று முறிந்த இருசம்மாளின் மோதிர விரல் இன்னும் மடங்குவதில்லை.

கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. நீலம் வெறிபிடித்தாற்போல முன்னேறியது. வயிற்றில் இரண்டு, விலாவில் ஒன்று. சிவப்பு துவண்டு கயிற்றில் சாய்ந்தது.

இருசம்மாள் விருட்டென்று எழுந்தாள். நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டாள்.

"விடாதடி செவப்பு! அடிச்சிப் போடுடி அவள!"

குரல் மண்டபத்தைக் கிழித்தது. நீலம் சட்டென்று இந்தப் பக்கம் திரும்பியது. அரை நொடிதான். சிவப்பின் குத்து நீலத்தின் தாடையில் இறங்கியது. எலும்பில் விழுந்த சத்தம்.

நடுவர் பத்துவரை எண்ணினார். விழுந்தவள் எழுந்திருக்க முயலவே இல்லை. கண் மட்டும் கூட்டத்தையே வெறித்துக்கொண்டிருந்தது.

காசிம் பீவி எழுந்து இருசம்மாளைக் கட்டிக்கொண்டாள். "ஜெயிச்சிட்டாக்கா உம் பொண்ணு! இன்னாத்துக்கு அழுவுற? போ, மேல ஏறி அவளக் கட்டிப்புடி!"

இருசம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"கீழ கெடக்கறதுதாம்மா எம் பொண்ணு."